ஒரு சாண் திறந்த ஜன்னல்

யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்பு, ஒரு மார்கழி மாதம், மைசூரிலிருந்து கிளம்பி ரயில், மோட்டார், மட்டக்குதிரை என்று மாறி மாறி ஏறி இறங்கி, காஷ்மீரத்தில் குல்மார்க் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எதற்கு என்கிறீர்களா? காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாட! எனக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மைசூர்க் குளிருக்கே விடிகாலையில் போர்வையை விட்டு வெளியே வர மூக்கால் அழுகிறவள் நான்.

என் வீட்டுக்காரர் மைசூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தார். அந்த வக்கீல் மாமா லண்டனில் படித்த காலத்தில் ஏதோ ஒரு பனி தேசத்துக்குப் போய்ச் சறுக்கக் கற்றுக்கொண்டாராம். அந்த ஆசை தலை நரைத்த பிறகும் விடவில்லை. கிறிஸ்மஸுக்குக் கோர்ட் மூடியதும் மாமியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் இருவரையும் கூட வரச் சொன்னார். ஜூனியரைப் பெண்டாட்டியோடு ஊர் சுற்றக் கூட்டிப்போகிற சீனியர் உலகத்தில் உண்டா? இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே பட்டது. ரயிலில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஊர்லே நம்ம மனுஷா தளிகை எங்கேடி கிடைக்கும்? நீ வந்தது என் பாக்யம்" என்றபோது விஷயம் விளங்கிவிட்டது. சமையலுக்குத்தான் நான். அன்றிலிருந்து என் சந்தேகங்களின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாமி டைபாய்டில் கிடந்து பிழைத்து எழுந்து அதிக நாள் ஆகவில்லை. அதனால் துணைக்கு ஒரு நர்ஸம்மாவும் வந்திருந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கிறிஸ்மஸ் சமயத்தில் சொந்த வீட்டை விட்டுவிட்டு எவளாவது இன்னொருவர் வீட்டு மனிதர்களோடு பனியைப் பார்க்கக் கிளம்புவாளா? இதிலும் ஏதோ இருக்கிறது என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

குல்மார்க்கில் எங்களுக்கு ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நடுவில் கூடம், அதில் புகைபோக்கி வைத்த கணப்பு. இரண்டு படுக்கை அறைகள். ஒன்றில் ஆண்கள், இன்னொன்றில் நாங்கள் மூன்று பெண்கள். குளிரைப் பற்றி என்ன சொல்வது! தேங்காயெண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிட்டது. வெளியே உலர்த்திய துண்டு அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு, மடித்தால் மடங்க மாட்டேன் என்றது. மடிசாருக்குள்ளே என் வீட்டுக்காரரின் கம்பளிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் விறகு கொண்டுவந்து போடுவார். முதல் நாள் அவருடைய நீள அங்கியின் கழுத்து வழியாகப் புகை வருவதைப் பார்த்து, நம் வீட்டுக் கரியைத் திருடிக்கொண்டு போகிறார் என்று மாமாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அங்கே எல்லாருமே அங்கிக்குள் நெருப்புச் சட்டி வைத்துக்கொண்டுதான் நடப்பார்களாம். மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வீடே அதிர்ந்தது. எனக்கென்னவோ அதற்குப் பிறகும் கரி மூட்டை மேல் ஒரு கண் இருந்துகொண்டேதான் இருந்தது.

ஆனால் என் கண் அதிகமாகச் சுற்றியது நர்ஸம்மாவைத்தான். அவள் சறுக்கக் கற்றுக்கொள்ளப் போனாள்! மாமாவின் பழைய கால்சட்டை, கோட்டு, காதை மூடிய குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு, சறுக்கச் சொல்லித்தர வந்த வெள்ளைக்காரன் எதிரே தொப்பென்று விழுவாள். அவன் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். அவள் சிரிப்பாள். நான் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் ஜன்னல் விவகாரம் ஆரம்பித்தது. எங்கள் அறையில் கணப்பு கிடையாது. சாயங்காலம் ஆனால் ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பைப் போட்டு உள்ளே வைத்துவிடுவோம். ஜன்னலை நான் இறுக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் பார்த்தால் ஒரு சாண் திறந்திருக்கும். கேட்டால் நர்ஸம்மா, "நான்தான் தொறந்தேன். காத்து வரணும்" என்றாள். உயிர் போகிற குளிரில் காற்று வேண்டுமாம்! மறுபடி கேட்டபோது இன்னும் ஏதோ விளக்கிச் சொல்ல வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் அடுப்படிப் பக்கமாக எட்டிப் பார்த்தால், எங்கள் ஜன்னலுக்குக் கீழே பனியில் பூட்ஸ் தடம். பெரிய பெரிய ஆம்பளை பூட்ஸ். வாசல் பக்கமிருந்து நேரே ஜன்னல் வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது, கிறிஸ்மஸை விட்டுவிட்டு ஏன் வந்தாள், விழுந்தால் ஏன் சிரிக்கிறாள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாவம், மாமாவுக்காகச் சறுக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "நான் எழுந்து உக்காரவே முடியாம கிடக்கேன். நீ துப்பறிஞ்சுண்டு இருக்கியா? சும்னே இரு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஓய்ந்ததும், இடுப்பு சரியாகியிருந்த என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மாமா சறுக்கப் போய்விட்டார். மாமிக்கு மைசூரை விட்டுக் கிளம்பினதிலிருந்து தலைக்கு எண்ணெய் வைக்கவில்லையே என்று ஒரே குறை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ரெண்டு பேரும் தேச்சுக் குளிச்சுடலாம்டி" என்றாள்.

நர்ஸம்மா குறுக்கே வந்தாள். "பேடாம்மா, வேண்டாம். இந்தக் குளிர்ல தலைக்கு ஊத்திக்கறது உடம்புக்கு ஆகாது."

"சுடச்சுட வெந்நீர். சாம்பிராணிப் புகையில தலையைக் காயவெச்சுட்டா ஒண்ணும் ஆகாது. நம்மூர்ல பண்றதுதானே?" என்றாள் மாமி. மாமி ஒன்று சொல்லிவிட்டால் வக்கீலே வாய்தா வாங்கிவிடுவார், நர்ஸம்மா எம்மாத்திரம்?

குளித்தோம். தலையைக் கூடத்துக் கணப்பருகே உலர்த்திக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொன்னாள். விறகுக்காரர் வந்து போகிற இடத்தில் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா? அறைக்குள் இரும்புச் சட்டி நிறையத் தணலை அள்ளி வைத்து, சாம்பிராணி தூவி, மேலே ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, மாமியைப் படுக்கவைத்து அதன் மேல் கூந்தலைப் பரப்பினேன். நர்ஸம்மா ஜன்னலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

யாரைப் பார்த்துவிட்டு வரப் போகிறாள்? எனக்கா தெரியாது! அவள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரரின் பெட்டியிலிருந்து கேஸ் கட்டு கட்டுகிற சிவப்பு நாடாவை எடுத்துவந்து, ஜன்னல் தாழ்ப்பாளைச் சுற்றி இறுக்கி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். இனிமேல் எவன் வந்து திறக்கிறான் பார்க்கலாம் என்று உட்கார்ந்து மாமியின் கூந்தலைக் கோதிவிட்டேன்.

கதகதவென்று இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சுகமாக ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை. மாமி கண்ணயர்ந்துவிட்டாள். எனக்கும் தலை கனத்தது, கண் சொருகியது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தூக்கம் தள்ளத்தானே செய்யும்? அப்படித்தான் நினைத்தேன். மைசூரில் ஓட்டு இடுக்கிலும் கதவு இடுக்கிலும் புகை போய்க்கொண்டே இருக்கும். இங்கே ஓர் ஊசி நுழைய இடமில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. குளித்துவிட்டுப் பகலில் தூங்கக் கூடாது, மாமியை எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன், கை எழவில்லை. அவள் கன்னம் நன்றாகச் சிவந்து ரோஜாவாக இருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

அப்போது ஜன்னலில் டக் டக்கென்று சத்தம். யாரோ வெளியிலிருந்து இழுக்கிறார்கள். நாடா விறைத்தது.

வந்துவிட்டான்! தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று எழுந்தேன். கால் தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசல் கதவைத் திறந்தேன். அந்தக் குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அப்படியும் விடவில்லை நான். நாலுகால் பிராணி மாதிரி தவழ்ந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் போனேன்.

ஜன்னலடியில் ஓர் ஆள். பெரிய பூட்ஸ், கோட்டு, குல்லாய், கையில் மண்வெட்டி. ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கிறது. அதை அடைத்துக் குவிந்திருந்த பனியை எல்லாம் வாரித் தள்ளிவிட்டு, கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அந்த ஆள் திரும்பினான். நர்ஸம்மா!

என் முகத்தைப் பார்த்த உடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா எங்கே? அம்மா உள்ளயா இருக்காங்க?" என்று கத்தினாள். உள்ளே கையைக் காட்டினேன். அவள் மண்வெட்டியின் பிடியால் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டு உடைத்தாள். வாசல் வழியாகச் சுற்றி ஓடி, தணல் சட்டியை உதைத்துத் தள்ளி, மாமியின் கக்கத்தில் கை கொடுத்து வாசல்வரை தரதரவென்று இழுத்து வந்தாள். அவ்வளவு பெரிய உடம்பை அவள் ஒருத்தி எப்படி இழுத்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாமியின் தலை தொங்கியது. நர்ஸம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கன்னத்தில் தட்டினாள், கைகளைத் தூக்கித் தூக்கி இறக்கி மூச்சு வரவழைத்தாள். நான் வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து மூடி, மாமியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதேன். நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேல்கோட்டைப் பெருமாளை எத்தனை தடவை கூப்பிட்டேனோ தெரியாது.

வெகு நேரம் கழித்து மாமி ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தலை காஞ்சுதாடி?" என்றாள்.

நர்ஸம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. அப்புறம்தான் என் தலையைப் பார்த்தாள். ஈரக்கூந்தல் பனியில் உறைந்து விளக்குமாற்றுக் குச்சி மாதிரி விறைத்து நின்றது. "கை வெக்காதீங்க, ஒடிஞ்சுடும்" என்று தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து என் தலையில் சுற்றிவிட்டாள்.

மாமியைக் கூடத்தில் கணப்பருகே படுக்கவைத்த பிறகு நர்ஸம்மா எங்கள் அறைக்குள் போனாள். வெளியே வந்து, என் உள்ளங்கையில் எதையோ திணித்து விரல்களை மூடினாள். சிவப்பு நாடா. முடிச்சை எல்லாம் பொறுமையாக அவிழ்த்து எடுத்திருந்தாள். அது மாமாவின் கண்ணில் பட்டிருந்தால் யார் வேலை என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரரின் பிழைப்பு அன்றோடு போயிருக்கும். மாமா வந்து பதறியபோது அவள், "கரிப் புகை சார். ஜன்னல பனி அடச்சிருந்துது" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊர் திரும்பும் ரயிலில் மெல்லக் கேட்டேன், கிறிஸ்மஸை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று. "சின்ன வயசுலேர்ந்து கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில எல்லாம் பனி பாத்திருக்கேன். நம்மூர்ல எங்க பனி? ஒரு தரம் கண்ணால பாத்துடணும்னு ஆசை" என்றாள். இதைத்தான் நான் அத்தனை நாளும் முடிந்து வைத்திருந்தேன்! தடத்துக்குச் சொந்தமான பூட்ஸும் அந்த வீட்டு மூலையில் கிடந்ததுதானாம். அவள் தினமும் அதை மாட்டிக்கொண்டு போய் ஜன்னல் பனியைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள்.

மாமி பிழைத்தது யாரால் என்று கேட்டால் நர்ஸம்மாவால் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஜன்னலைக் கட்டியதும் என் சந்தேகம், தூங்கிப்போக இருந்த என்னை எழுப்பி வெளியே துரத்தியதும் அதே சந்தேகம். அதை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, கொண்டாடவும் வரவில்லை.

இப்போதும் மைசூரில் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துச் சாம்பிராணி போட்டால், தெருப்பக்க ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டுத்தான் உட்காருவேன். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் திரைக்குப் பின்னால் நின்று, இந்த மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் ஜன்னலைத் திறந்துவைத்து யாரை எதிர்பார்க்கிறாள் என்று பார்க்கிறாள். எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை? கோபம் வருகிறது, கூடவே அந்த நர்ஸம்மாவின் கை என் விரல்களை மூடியது நினைவுக்கு வருகிறது. அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததை நான் இந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலை இன்னும் ஒரு விரற்கடை அகலமாகத் திறந்துவிடுகிறேன்.