ஜப்பான்காரிக்கு நான் எழுதிக்கொடுத்த கேஸ்

புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் லைனில் அவளும் நானும் இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று நாடுகளில் கோப்பை கழுவி, நாலாவதாக மொன்றியலுக்கு வந்தவன். அவள் ஒசாகாவிலிருந்து ஒரே ஒரு கச்சேரிக்கு வந்து தங்கிவிட்டவள். நாற்பது வயது இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்க, அவள் அதன் கதவில் சின்ன ரெக்கோடரை ஒட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள்.

லைனில் எங்களோடு நின்ற மன்னார்க்காரர், "அண்ணை, உங்கட ஜப்பான்காரி இண்டைக்கு எந்தச் சாமானைப் பாட வைக்கிறா?" என்று கேட்பார். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அண்ணை என்றே கூப்பிட்டாள். மற்றக் கதையெல்லாம் உடைந்த இங்கிலீஷும் கொஞ்சம் பிரெஞ்சும்தான்.

இரண்டு பேரும் செயின்ட்-மிஷேலில் இருந்ததால் காலையில் அவளை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள் தன் பாட்டைப் போட்டாள். றேடியோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பாலத்தடி நெரிசலில் நின்றபோதுதான் அதற்குள் ஒரு மெட்டு இருப்பது பிடிபட்டது. தன் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு விளையாட்டு ஓர்கனின் கட்டைகளில் வைத்து வாசித்திருந்தாள். சிரிப்பும் வந்தது. இறங்கும்போது இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

அவளுடைய தாய் பிள்ளைகளுக்கு ஓர்கன் சொல்லிக்கொடுத்தவர். இவள் இருபது வயதில் ஒரு பெண்கள் பாண்டில் சேர்ந்து, சத்தத்தைக் கெடுக்கிறாள் என்று அதிலிருந்து நிற்பாட்டப்பட்டாள். பிறகு தனியாக வீட்டில் கசற் பதிந்து விற்றாள். அதில் ஒன்று எப்படியோ ஐரோப்பாவுக்குப் போய், யாரோ எழுத, சின்னச் சின்ன மண்டபங்களில் கூப்பிட்டார்கள். ஆறு வருடம் ஆட்களின் வீட்டுத் தரையில் படுத்து ஊர் ஊராகப் போயிருக்கிறாள். அந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

போன வசந்தத்தில் அவளுடைய விசா முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு கலை நிலையம் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவருக்கு ஒரு வருடம் ஸ்டூடியோவும் சம்பளமும் கொடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. கிடைத்தால் விசா நீளும். கிடைக்காவிட்டால் கோடை முடிய ஒசாகாதான். அங்கே தாயும் இல்லை, வீடும் இல்லை. விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி: இதுவரை என்ன செய்தீர்கள், உங்கள் இசை எங்கிருந்து வந்தது. எழுத உதவி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

எங்கள் ஆட்களில் என்னைப்போல வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேஸ் எழுதியவர்கள். அகதி விசாரணைக்கு முதல் எழுதிக்கொடுத்த கதையை பிளாஸ்டிக் உறையில் வைத்து, பரீட்சைக்குப் போகிற மாதிரிப் பாடமாக்குவோம். என் கேஸில் ஆமி பதினொரு நாள் பிடித்து வைத்திருந்தது என்று எழுதியிருந்தது. விசாரணையில் நான் ஒன்பது என்றேன். கொண்டுபோன நாளையும் விட்ட நாளையும் எண்ணுவதா என்று எனக்குத் தெரியாது. எது உண்மை என்று கேட்டார்கள். கேஸ் விழுந்தது. அதை எழுப்ப நாலு வருடம் போனது.

ஆகவே அவளுடைய பழைய பேட்டிகளை வாங்கி, பேனையோடு இருந்தேன். ஒன்றில் தன் இசை ரயில் கடவை மணியிலிருந்து வந்தது என்கிறாள். இன்னொன்றில் மண்ணெண்ணெய் விற்கும் லொறியின் பாட்டிலிருந்து. இன்னொன்றில் கடை பூட்டும்போது போடுகிற இசை. எல்லாவற்றையும் வெட்டினேன். தாயின் ஓர்கன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வருட வரிசையில் அடுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளை என் குசினி மேசையில் இருத்தி, விசாரணை அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டேன். ஒரு சொல் மாறினாலும் திரும்பத் தொடங்க வைத்தேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் வெறுமையானது. அதை நல்ல அறிகுறி என்றுதான் எடுத்தேன்.

நேர்முகத்துக்கு அவளுடைய பாட்டு மெஷின்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வயர் பொருத்த ஆள் வேண்டும் என்று சொன்னதால் பின் கதிரையில் இருக்கவிட்டார்கள். மேசையில் மூன்று பேர். அவள் பாடமாக்கியதைப் பிசகில்லாமல் ஒப்புவித்தாள். நடுவில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு பழைய பேட்டியின் பிரதியை எடுத்தாள்.

"இதில் ரயில் கடவை மணி என்றிருக்கிறீர்கள். இப்போது அம்மாவின் ஓர்கன் என்கிறீர்கள். எது?"

ஜப்பான்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். எழுதினதில் நில் என்று தலையை அசைத்தேன். அவள் தாளைக் குப்புற வைத்தாள்.

"இரண்டும். இந்தத் தாளை என்னுடைய அண்ணை எழுதினவர். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதினவர். எனக்கு ஒவ்வொரு ஊரிலும் வேறு சத்தம்தான் ஞாபகம் வருகிறது. அதை வைத்து அங்கே பாட்டுச் செய்கிறேன். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் ஆறு வருடம் சும்மா அலைந்திருக்கிறேன்."

மெஷினைப் போட்டாள். எங்கள் கிடங்கில் பெட்டி ஒட்டும் ரேப் இழுபடும் சத்தம், ட்ரொலிச் சில்லு, அதற்கு மேலே அவளுடைய குரலின் துண்டுகள். நடுவில் மன்னார்க்காரர் யாருக்கோ ஏசுவதும் கேட்டது. மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நேரம் முடிந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. என் விசாரணையிலும் நிறையக் கேட்டவர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வானில் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தனீங்கள்," என்றாள். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் மூன்று கிழமையாக நான் ஒரு பாட்டும் செய்யவில்லை. என்னுடைய பேட்டிகளுக்கே பயந்துபோனேன்," என்றாள். வண்டியை ஓட்டினேன்.

ஜூனில் ஒரு நாள் சாப்பாட்டு அறையில் அவளுக்கு ஈமெயில் வந்தது. பிரெஞ்சில் இருந்ததால் போனை என்னிடம் நீட்டினாள். முதல் வரியிலேயே வாழ்த்து இருந்தது. அப்படியான வரிகளை நான் நம்புவதில்லை. கடைசிக் கையெழுத்து வரைக்கும் மெதுவாக வாசித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "ஒரு வருசம். செப்டெம்பரிலிருந்து."

மன்னார்க்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் தன்னுடைய மட்டன் ரோலை இரண்டாக முறித்து, பெரிய பாதியை அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். மேற்பார்வையாளர் வந்து கதவில் தட்டும்வரை ஒருவரும் லைனுக்குத் திரும்பவில்லை.