முன்பக்கம் பிரேக் இல்லாத ஜீப்

மெக்கானிக் பாய் என் உள்ளங்கையில் வைத்தது ஓர் இரும்புக் குண்டு. சைக்கிள் சக்கரத்துக்குள் கிரீஸோடு கிடக்குமே, அந்தக் குண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. கோரிப்பாளையத்தில் அவருடைய பட்டறை வாசலில், காலை பதினொரு மணி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். என் பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்கும், லேசாக மிதித்தாலே பிடிக்கிற பூஸ்டரும் வைக்கத்தான் வண்டியை விட்டிருந்தேன். இது எங்கே கிடந்தது என்று கேட்டேன். முன்சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் போகும் குழாய்க்குள் என்றார். தானாகப் போய் விழ வழியில்லையாம். யாரோ வேண்டுமென்றே உள்ளே வைத்து, நட்டை முறுக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் அடைத்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்று தெரிந்த ஆள், குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பே அடைத்திருக்கிறார். பாய் பொறுமையாக விளக்கியும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "முன்னாடி பிரேக்கே கிடையாதும்மா. பின்சக்கரத்த மட்டும் புடிச்சுத்தான் இம்புட்டு நாளும் வண்டி நின்னுருக்கு" என்றார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதே வண்டியை அழகர்கோவில்வரை ஓட்டிப் போய் வந்திருந்தாள். அடுத்த வாரம் தோழிகளோடு கொடைக்கானல் போவதாகத் திட்டம். மலை இறங்குகிற வண்டிக்கு நல்ல பிரேக் வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றதால்தான் பட்டறைக்கே வந்தேன். அதற்கும் அவரிடம் எரிந்து விழுந்திருந்தேன். பதினோரு வருடம் நான் உட்கார்ந்து போன வண்டி, அதன் பிரேக்கைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஜீப் எங்கள் துறையின் வண்டி. அதை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். தல்லாகுளத்திலிருந்து கிளம்பினால் மேலூர், உசிலம்பட்டி என்று வாய்க்கால் கரையிலும் உழவுக் காட்டிலும் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் ஓய்வு பெற்ற கையோடு வண்டியையும் கழித்துக்கட்டி ஏலம் விட்டார்கள். ஆசைப்பட்டு நானே எடுத்தேன். பெயின்ட் அடித்தோம், சீட் மாற்றினோம், நாலு டயரும் புதிதாகப் போட்டோம். பிரேக்கை மட்டும் தொடவில்லை. மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல இருக்கும், வண்டியும் தள்ளிப் போய்த்தான் நிற்கும். பழைய ஜீப் என்றால் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கை பட்ட வண்டியில் குறை இருக்காது என்பது எனக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நம்பிக்கையில்தான் மூன்று வருடம் ஓட்டினேன், பெற்ற பிள்ளையிடமும் சாவியைக் கொடுத்தேன்.

பாய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். உட்கார்ந்த இடத்திலேயே பழையதெல்லாம் வேறு முகத்தோடு வந்து நின்றது. டிரைவர் அண்ணன் நத்தை வேகத்தில்தான் ஓட்டுவார். முன்னால் லாரி போனால், நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் புகுந்து போகலாம், அவ்வளவு இடம் விடுவார். கணவாய் இறக்கத்தில் ஒன்றாம் கியரைவிட்டு மாற மாட்டார். ஈனும்போது கன்று மாட்டிக்கொண்ட பசு அங்கே உயிருக்குப் போராடும், நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு, இதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று குத்துவேன். சிரித்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் சோழவந்தான் பக்கம் வளைவு திரும்பியதும் குறுக்கே ஆட்டு மந்தை. வண்டியை அப்படியே ஒடித்துப் பருத்திக் காட்டுக்குள் விட்டார். என் தலை கம்பியில் இடித்தது. ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாட்டு டாக்டரோடு சுற்றிச் சுற்றி அண்ணனுக்கும் ஜீவகாருண்யம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவருடைய பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னதும் அந்தக் கதையைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்திருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

குண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடித்தேன். மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் அவர் வீடு. போகிற வழியெல்லாம் ஒரே கேள்விதான். இந்த மனிதர் பதினோரு வருடம் என் உயிரைக் காப்பாற்றினாரா, அதை வைத்து விளையாடினாரா? அவருக்குத் தெரியாமல் வேறு யாரோ செய்தது என்று இருந்துவிடக் கூடாதா என்றும் மனசு அடித்துக்கொண்டது. அவர் வாசலில் நாற்காலி போட்டார். நான் உட்காராமல் குண்டை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நாந்தேன் போட்டேன், டாக்டரம்மா" என்றார்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், முன்சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகியிருக்கிறது. சாமான் வாங்கி மாட்டும்வரை ஒரு வாரத்துக்கு என்றுதான் அடைத்தாராம். வண்டி ஓடிக்கொண்டே இருந்ததால் அந்த ஒரு வாரம் எட்டு வருடமாகிவிட்டது. ஒழுங்காகப் பழுது பார்க்க வண்டியைக் கொடுத்திருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வண்டி இன்னொரு நா நின்னுச்சுன்னா எம் மூஞ்சில முழிக்காதீகன்னு நீங்கதேனம்மா சொன்னீக."

சொல்லியிருந்தேன். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவர் குண்டு போட்டதற்கு முந்தின வருடம் ஜீப் பழுதுக்குப் போய் இரண்டு மாதம் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியது. நான் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, போய்ச் சேருவதற்குள் ஒரு கிராமத்தில் கன்றுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. அந்த ஆத்திரத்தை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவர் தலையில் கொட்டினேன். எனக்கு அது அன்றோடு போயிற்று. அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, ஏலத்தில் நான் எடுத்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டு முறை வீட்டுக்கு வந்தாராம். வந்தார், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு முறையும் வீட்டில் விருந்தாளிகள். அவரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, இந்த அண்ணன் ஓட்டிய காலத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று நான் பெருமை பேசியிருக்கிறேன். அதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை. புது பெயின்டைப் பார்த்ததும், பிரேக்கையும் பார்த்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போய்விட்டாராம். கடைசியாக அவர் ஒன்று கேட்டார்.

"பாப்பா அதுல ஓட்டுச்சாம்மா?"

அழகர்கோவில்வரை போய் வந்தாள் என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வண்டி தயார் என்று பாய் போன் செய்தார். போனால் எனக்கு முன்பே டிரைவர் அண்ணன் அங்கே வந்து நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை, பட்டறையை அவரே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாப்பா கைக்குப் போகும் முன் தான் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவதாகச் சொன்னார். கேட்க இவருக்கு என்ன துணிச்சல் என்று எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் சாவியைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வைகைக் கரை ரோட்டில் அதே நத்தை வேகம்தான். திடீரென்று ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. அவர் பழைய பழக்கத்தில் உடம்பையே பின்னால் சாய்த்து, முழு பலத்தோடு மிதித்தார். ஜீப் இருந்த இடத்திலேயே நின்றது. என் நெற்றி கண்ணாடிவரை போய் வந்தது. ஆட்டோ போய்விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்குன்னா இம்புட்டு லேசாவாம்மா இருக்கும்" என்றார்.

முழங்காலிலிருந்து பாதம்வரை அவர் கால் உதறிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் தினமும் அவர் பயந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. "காலை எடுங்கண்ணே, போகலாம்" என்றேன். அவரால் எடுக்க முடியவில்லை.