பச்சைப் பூ, சிவப்பு இலை

எங்கள் தீவு நகரம் லௌடோக்காவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பாதிரியாரைப் போய்ப் பார்ப்பார்கள். அடுத்து இலாய்த்தியாவைப் பார்ப்பார்கள். சில வீடுகளில் இந்த வரிசை மாறும். பாதிரியார் வராவிட்டால் இன்னொரு பாதிரியார் கிடைப்பார். கலவாட்டாத் துணியின் நிறம் கெட்டுப்போனால் ஊர் பத்து வருடம் பேசும். பல் போன கிழவரிலிருந்து பால்குடிக் குழந்தை வரை எழுபது எண்பது பேர் ஒரே பூ, ஒரே நிறம் உடுத்திக்கொண்டு வந்து பாயில் உட்கார வேண்டும். பெண் வீட்டாருக்கு ஒரு துணி, மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு துணி. எங்களுக்கு அதுதான் கல்யாணம். மோதிரமெல்லாம் அப்புறம்.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் பிரமிளா அக்காவின் அச்சுக்கடையில் இலாய்த்தியாவுக்கு வேலை. கணினியில் பூ வரைவான், நிறம் போடுவான், படம் திருத்துவான். அதைக் காகிதத்தில் அச்சடித்துச் சூட்டு இயந்திரத்தில் துணியோடு வைத்து அழுத்துவது ரஜ்னிலின் வேலை. ரஜ்னில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அதிகம் பேசாத சாது. பதினொரு வருடமாக "லாய் போட்ட கலர்" என்று சொன்னால் மேல்பேச்சு கிடையாது. துணியை விரித்ததும் பெண்கள் வாயில் கை வைப்பார்கள். பக்கத்தில் பா என்கிற ஊரிலிருந்துகூடப் பேருந்து ஏறி வருவார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இந்த மனிதனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் காய்ந்த சாக்குப் பை நிறத்தில் தெரியும். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்றபடி செம்பருத்திப் பூவையும் அதன் இலையையும் வடிவத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்வான்.

பிறகு எப்படி நிறக்காரன் ஆனான் என்று கேட்டால், எண்ணால் ஆனான். போட்டோஷாப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண் உண்டு: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. படத்தில் ஓரிடத்தில் திரையிலுள்ள சின்னச் சொட்டுக்குழாய்க் குறியை வைத்து அழுத்தினால் அந்த இடத்தின் எண்ணைக் கக்கிவிடும். முதல்முதலாக அதைப் பார்த்த அன்று இலாய்த்தியாவுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டான். யாராவது எதையாவது பார்த்து "அடேயப்பா, என்ன நிறம்!" என்றால் போதும், உடனே அதைப் படம் எடுத்து, எண் பார்த்து, எழுதிவிடுவான். பக்கத்தில் அவர்கள் சொன்ன வார்த்தையையும் எழுதுவான். நனைந்த தாலோச் சேம்பு இலை: கண்ணுக்குக் குளிர்ச்சி. எதிர்வீட்டுப் புது வேலி: கண்றாவி. இப்படி மூன்று நோட்டு நிரம்பிவிட்டது.

கண்ணுள்ளவர்களை நம்பினால் இந்தத் தொழிலில் உருப்பட முடியாது என்பது வேறு விஷயம். ஒரு கல்யாண வீட்டில் சிட்னியில் இருக்கும் அண்ணன் போனில் ஒரு நீலம், இங்கே தங்கை போனில் இன்னொரு நீலம், இரண்டும் ஒரே படம். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். திரையில் ஜொலிக்கிற பச்சை துணிக்கு வந்தால் செத்துப்போகும். எது சாகும், எது பிழைக்கும், எதை எத்தனை எண் ஏற்றினால் துணியில் அதே மாதிரி உட்காரும் என்பதெல்லாம் இலாய்த்தியாவுக்கு மனப்பாடம். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் எண்ணைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவான்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி மெரெயோனி. கடையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் யார் துணிக்கு ஆர்டர் கொடுப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் மறைத்துவிட்டான், நிம்மதியாகவும் இருந்தான்.

செரெயானாவின் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். செரெயானா அவனுக்கு அத்தை மகள் முறை, நாலு வயது மூத்தவள். முறைக்காரி எத்தனை கேலி பண்ணினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே சட்டம். அவளும் அந்தச் சட்டத்தை வீணாக்கியதில்லை. வெள்ளை நிலத்தில் சிவப்புச் செம்பருத்தி, பச்சை இலை, தொண்ணூறு மீட்டர் வேண்டும் என்று திங்கட்கிழமையே வந்து திரையில் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை மதியம் போன் பண்ணினாள்.

"மச்சான், பூவும் இலையும் இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீலத்துல வராங்களாம். நம்ம பக்கம் சோகை பிடிச்ச மாதிரி இருக்கக் கூடாது."

"சரி மதினி. உன் மொகத்தையும் கொஞ்சம் அழுத்தமா போட்டுரவா?"

"மொதல்ல உன் பொண்டாட்டி சமையல்ல உப்பை அழுத்தமா போடச் சொல்லுடா!"

ஒரு கையில் ரொட்டிச் சுருள், மறு கையில் சுட்டி. கணினியில் படம் அடுக்கடுக்காக இருக்கும்: பூவுக்கு ஒரு அடுக்கு, இலைக்கு ஒரு அடுக்கு. வழக்கமாக அடுக்குக்குப் பெயர் எழுதிவிட்டுத்தான் தொடுவான், அன்று எழுதவில்லை. புது எண்கள் இரண்டையும் போட்டான். பூவின் எண்ணை இலைக்கும், இலையின் எண்ணைப் பூவுக்கும் போட்டுவிட்டான். இரண்டும் ஒரே அளவு இருட்டு. அவன் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. எண் இரண்டும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. எண் சரி, இடம்தான் மாறியிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே ஆனை ரொட்டி தின்றுகொண்டே சறுக்கியது.

வியாழக்கிழமை காலையில் செரெயானா வந்தாள். ஊரில் ஏழு தையல் இயந்திரம் அவளுக்காகக் காத்திருந்தது. இலாய்த்தியா பெருமையாகத் துணியை மேசையில் உருட்டிவிட்டான்.

அவள் துணியின் ஓரத்தைத் தூக்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி?"

"மச்சான்... இது இப்ப சிட்னி பேஷனா?"

அவன் குனிந்து துணியைப் பார்த்தான். பூ இருந்தது, இலை இருந்தது, எல்லாம் சாக்கு நிறத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. இயந்திரத்துப் பக்கம் நின்ற ரஜ்னில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல, பூ பச்சையா இருக்கு, இலை செவப்பா இருக்கு" என்றாள் செரெயானா. "நீ போட்டா காரணம் இருக்கும். நம்ம கெராமத்து ஜனத்துக்குத்தான் ஒண்ணும் தெரியாது. பேஷன்தானே?"

தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். அவள் சந்தோஷமாகத் துணியைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பாள். பதினொரு வருடப் பெயர் அந்தப் பொய்யை இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கும். இலாய்த்தியாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தலையை ஆட்டிவிடத்தான் நினைத்தான். ஆனால் சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இவள் "சிட்னி பேஷன்" என்று சொல்லிக்கொண்டு நிற்பதும், எவளாவது ஒருத்தி வாயைப் பொத்திச் சிரிப்பதும் மனதில் வந்துவிட்டது.

"பேஷன் இல்ல மதினி. தப்பு. எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே."

"என்னடா சொல்ற?"

"எண்ணை வச்சுத்தான் வேலை பாக்குறேன். இதுல எடம் மாத்திப் போட்டுட்டேன்."

செரெயானா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எங்கப்பா சாவுக்கு நீதானே கலர் போட்ட? அந்த ஊதாவப் பாத்து ஊரே அழுதுதே."

"ஆமா."

"நீ பாக்கலையா அத?"

"எனக்கு வெறும் நீலமாத்தான் தெரிஞ்சுது. நீங்கல்லாம் சொன்னதக் கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னீங்க."

செரெயானா மேசையில் ஓங்கி அடித்தாள். "ஏன்டா சொல்லித் தொலச்ச? சும்மா இருந்திருந்தா நான் பேஷன்னு நெனச்சு ஜம்முனு போயிருப்பேன்ல! இப்ப தெரிஞ்சே கட்டிக்கிட்டுப் போகணும்!"

"யாராச்சும் சிரிச்சா நிக்கப்போறது நீ. தெரியாம நிக்கக் கூடாது, மதினி."

இத்தனை நேரமும் பிரமிளா அக்கா உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அக்காவுக்கு நாக்கு கத்தி. வேலை போயிற்று என்று இலாய்த்தியா முடிவு கட்டிக்கொண்டான்.

"பதினொரு வருசமா என்கிட்டயும் சொல்லல?" என்றாள் அக்கா.

"பயம் அக்கா."

"இதுக்கு முன்னால எத்தனை தப்பு?"

"ஒண்ணும் இல்ல."

அக்கா அவனை விட்டுவிட்டு ரஜ்னில் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அவனுக்குத்தான் தெரியல. உனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு? தொண்ணூறு மீட்டர் பச்சைப் பூவைப் போட்டு அழுத்தினியே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"லாய் அண்ணன் போட்டதாச்சேக்கா" என்றான் ரஜ்னில். "நாம என்னத்தச் சொல்றதுன்னு..."

"நல்லா இருக்குடா நம்ம கடை! பாக்குறவன் சொல்ல மாட்டான், சொல்றவனுக்குத் தெரியாது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இனிமேல் ரஜ்னில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இயந்திரம் ஓட வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டாள். இலாய்த்தியா நாளைக்கும் வேலைக்கு வரவேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளைத் துணி கடையில் ஒரு முழம்கூட மிச்சமில்லை. அடுத்த உருளை வரப் பத்து நாள் ஆகும். செரெயானா வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சுருட்டி வண்டியில் ஏற்றினாள். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முறைக்காரி கேலி பண்ணாமல் போனால் அது பெரிய தண்டனை. இரண்டு நாள் இலாய்த்தியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மெரெயோனிதான் இழுத்துக்கொண்டு போனாள். பந்தலில் அவன் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான், யார் பக்கமும் இல்லாத சாதாரண வெள்ளைச் சட்டையோடு. எதிரே மாப்பிள்ளை வீட்டார் நீலக் கடல்போல உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் வரிசையாக நுழைந்தபோது அந்த நீலத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாயில் உட்காருவதற்கு முன்னால் செரெயானா நின்றாள்.

"எல்லாரும் பாத்துக்கங்க. எங்க பூ பச்சை, எங்க இலை செவப்பு. எங்களுக்கும் தெரியும். போட்டது என் மச்சான். அவனுக்கு ரெண்டும் ஒண்ணு. பதினொரு வருசமா நம்ம நல்லது கெட்டது எல்லாத்துக்கும் தான் பாக்காத கலரப் போட்டுக் குடுத்திருக்கான். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கங்க, சோறு ஆறுது!"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் இலாய்த்தியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

செரெயானா தூணுக்குப் பின்னால் வந்து எதையோ அவன் மடியில் எறிந்தாள். அதே துணியில் தைத்த சட்டை.

"எழுபத்தொன்னு தைக்கணும், எழுபத்திரண்டு தச்சேன். எங்க பக்கம் வந்து உக்காருடா, குருட்டு மச்சான்."

அவன் எழுந்து அந்த இடத்திலேயே வெள்ளைச் சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டான். கை இரண்டு விரல்கடை நீளமாக இருந்தது. மடித்துவிட்டுக்கொண்டு போய்ப் பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்தான்.