பொரி கொடுக்கப் போன நாள்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மோல்மேனில் மரக்கிடங்கு, பெகு சாலையில் லாரி, ஒரு மழைக்காலம் முழுக்க மீன்படகு என்று சுற்றிவிட்டு, எண்பத்தெட்டில் பர்மாவில் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த கலவரம் அடங்கிச் சில வருடங்கள் கழித்து ரங்கூனுக்குத் திரும்பினேன். நகரத்தின் லத்தாப் பகுதியில், இரண்டாவது மாடியில் இருந்த ஓர் அழகு நிலையத்தில் தண்ணீர் தூக்கும் வேலை கிடைத்தது. கீழேயிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து டிரம்மை நிரப்ப வேண்டும். வருகிற பெண்களுக்குத் தலை அலசிவிட வேண்டும். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே.

அங்கே வேலை செய்த ஐந்து பேரும் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர்கள். முதலாளியும் அப்படித்தான், பர்மாக்காரி, ஐம்பது வயது இருக்கும். நான் பெண் உடை உடுத்தியதில்லை. ஆனால் என் மனம் போனது ஆண்கள் பக்கம்தான். நான் சொல்லாமலே அதைப் புரிந்துகொண்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் இருந்த முதல் இடம் அது. கடை சாத்தியதும் மற்ற அழகு நிலையங்களிலிருந்தும் எங்களைப் போன்றவர்கள் வருவார்கள். பர்மாக்காரர்கள் தின்னும் ஊறவைத்த தேயிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, யாரைப் போலீஸ் கொண்டுபோனது, யாருடைய ஆள் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு போனான் என்று பேசுவோம். எங்களில் ஒருவர் இருட்டில் தெருவில் நின்றாலே பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் பாட்டும் கூத்தும் எல்லாம் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளேதான்.

ஐவரில் ஒருத்தி தமிழ். ஆற்றுப் பாலத்துக்கு அப்பாலிருக்கும் தாகேதாக்காரி, என் வயது. இடுப்பு வரை கூந்தல். அவள் கை வைத்தால் மணப்பெண்ணின் முகமே மாறிவிடும். பக்கத்துப் பபேடான் பகுதியில் இந்து வீடோ முஸ்லிம் வீடோ, கல்யாணம் என்றால் அவளுக்குத்தான் ஆள் வரும். பெண்கள் இருக்கும் உள்ளறை வரை அவள் தடையில்லாமல் போய்வரலாம். பந்தியில் மட்டும் இலை போட மாட்டார்கள். வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எட்டு வருடமாக அவள் அப்பா அவளிடம் பேசவில்லை.

ஒரு மத்தியானம் அவள் தங்கை கடைக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் தீயைச் சுற்றும்போது மணப்பெண்ணின் கையில் அவளுடைய சகோதரன்தான் பொரி போட வேண்டும். மூன்று சுற்று, மூன்று முறை. அந்த வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை.

"முடிய வெட்டிட்டு, வேட்டி கட்டிட்டு வந்தா பொரி குடுக்கலாமாம். அப்பா சொல்லச் சொன்னாங்க" என்றாள் தங்கை. "இல்லன்னா சித்தப்பா மகன நிறுத்திடுவாங்க."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு நீ எப்படி வந்தாலும் சரிதாண்ணே. ஆனா அவுங்க வாசல்லயே நிறுத்திடுவாங்க."

தங்கை போன பிறகு, அன்றும் மறுநாளும் அவள் வேலையை மட்டும் பார்த்தாள். மூன்றாம் நாள் கத்தரியை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வெட்டுடா. இவளுக கை வச்சா அழுதே சாவாளுக."

வெட்டினேன். முதலாளி அந்த முடியைப் பொறுக்கிச் சுருட்டித் துணியில் முடிந்தாள். "ஒரு பிடி பொரிக்கு ஒரு முழக் கூந்தலா? உங்க தமிழருக்கு நல்ல கணக்கு" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முடி போய்விட்டது. நகச்சாயம் போய்விட்டது. புருவம்தான் மிச்சம். பல வருடமாக நூல் போட்டுப் பிடுங்கியதில் அது முளைக்கவே இல்லை. கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் கூடி, மைப் பென்சிலால் அவளுக்கு ஆண்பிள்ளைப் புருவம் வரைந்தார்கள். நன்றாகவே இருந்தது. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டோம். மணப்பெண்ணை அலங்கரித்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். மணப்பெண்ணோடு போய் மணவறையில், தீயின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

தாகேதாக் கோயில் மண்டபத்தில் நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மணவறையைக் கையால் காட்டினார். ஐயர் நெய்யை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. விசிறிகள் ஓய்ந்தன. முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் அவள் கண்ணோரம் கறுப்பாக ஒரு சொட்டு நின்றது. துடைத்தால் புருவம் மொத்தமும் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மூன்றாவது சுற்றுக்குள் இரண்டு கன்னத்திலும் மை கோடாக இறங்கிவிட்டது.

"என்னப்பா, மச்சானுக்கு மழை பேயுது!" என்றான் மாப்பிள்ளைத் தோழன்.

"கறுப்பு மழைடோய்!"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சிரிப்பு பரவியது. அவள் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அவள் தலை நிமிரவில்லை. முறத்திலிருந்து பொரியை அள்ளி, தங்கையின் கைகளில் மெதுவாகப் போட்டாள். தங்கை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, பொரியைத் தீயில் இட்டாள். அதன் பிறகுதான் இவள் முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துக் கொடுக்க, அவள் முகம் கழுவினாள். அப்பா பின்னாலேயே வந்தார். புருவம் இல்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அத எதுக்கு வரஞ்ச?"

"நீங்க சொன்ன மாதிரி வரணும்னுதான்பா."

அவர் தோள் துண்டை எடுத்தார். அவளுக்குக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுங்க பந்தி முடியட்டும். அப்பறமா உள்ள வா."

"சரிப்பா."

நின்றோம். முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. சாம்பார் வாசனை வந்தது. நான் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.

"வாடா, போவோம்" என்றாள்.

"அப்பறமா உள்ள வரச் சொன்னாரேடி."

"வா."

பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆற்றுப் பாலத்தின் வழியாக நடந்தே திரும்பினோம். வேட்டி பழக்கமில்லாததால் அடிக்கடி நின்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாதிப் பாலத்தில் கேட்டாள்:

"மூணு தடவையும் சிந்தாமப் போட்டேன்ல?"

"போட்டடீ."

கூந்தல் பழையபடி வளர ஐந்து வருடம் ஆயிற்று. அதுவரை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மற்றப் பெண்களுக்குச் சடை பின்னினாள். தங்கை எப்போதாவது கடைக்கு வருவாள். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையோடும் வந்தாள். அன்று பந்தி முடிந்ததும் அப்பா குழாயடிக்கு வந்து பார்த்தாரா என்று தங்கையிடம் இவள் ஒருமுறையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.