முள்ளெலி பூசிக்கொண்ட வாசம்

தொண்ணூறுகளின் கடைசியில், முள்ளெலி வளர்த்து விற்கும் ஒரு ஜெர்மன் அம்மாவிடம் குட்டி ஒன்று வாங்கினேன். ரயிலில் குட்டி இருந்த பெட்டியை மடியில் வைத்திருந்த எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுச் சமையலின் கறித்தூள் வாசம் ஜெர்மன்காரருக்குத் தெரியாதிருக்க, வழக்கம்போலச் சட்டைக்கு சென்ட் அடித்திருந்தேன்.

பீலெஃபெல்ட் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து குட்டியைக் கையில் ஏந்தினாள். அது அவள் விரலை நக்கியது. உடனே வாயில் நுரை தள்ளியது.

"இஞ்சாருங்கோ, என்ரை கையிலை கறித்தூள் இருந்தது. சாகப்போகுதோ?" என்று அழுதாள்.

பதறிப்போய் அந்த அம்மாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவர் சிரித்தார். புதுவாசம் கிடைத்தால் முள்ளெலி அதை நுரையாக்கி முதுகில் பூசிக்கொள்ளுமாம்.

திரும்பிப் பார்த்தேன். குட்டி கழுத்தை வளைத்து, முள் முள்ளாகப் பூசிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?"

"உம்மடை கறித்தூள்தான் அதுக்கு சென்டாம்."

மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது நான் சென்ட் போத்தலைத் தொடவில்லை.