கனகத்தைத் தேடி பாலிக் புலாவுக்கு

ஈப்போவில் எங்கள் வாசகர் வட்டம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பேச்சு ஒரே நாவலில்தான் வந்து நிற்கும். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கணவனின் அடி பொறுக்காமல், பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு விடியற்காலை ஃபெர்ரியில் ஏறிப்போகும் கனகத்தின் கதை அது. எழுதியவர் காலமாகிவிட்டார். என் தோழி மாலா அதைப் படித்த பிறகுதான் கணவன் வீட்டிலிருந்து தைரியமாக வெளியே வந்தாள். பினாங்குத் தீவிலிருக்கும் கனகத்தின் ஊர் பாலிக் புலாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தே ஃபெர்ரி துறைக்குப் போகலாம். கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். கடலைக் கடக்கும் அந்தக் கால் மணி நேரமும் மாலா கம்பியோரம் நின்று தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகம் வளையலை விற்றதாக வரும் சூலியா தெருவில் இப்போது பழைய நகைக்கடைகளைவிட தங்கும் விடுதிகள்தான் அதிகம் கண்ணில் பட்டன. அங்கேயே பலவகைக் குழம்புகளோடு சோறு தரும் நாசி கண்டார் சாப்பிட்டோம். குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், அதுதான் ருசி.

ஃபெர்ரியில் வந்திறங்கிய துறையிலிருந்து பாலிக் புலாவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாசார் என்னும் சந்தைக்குப் பக்கத்தில் ஜாதிக்காய் ஜூஸ் விற்ற அண்ணனிடம், நாவலில் வரும் மரவீடு எங்கே என்று கேட்டோம். வழி சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த அக்காவுக்கு ஆளுங்க வர்றது புடிக்காது லா," என்றார். அப்போதே திரும்பியிருக்கலாம். ஆசை விடவில்லை.

வாசலில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா ஜாதிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். என் கையில் புத்தகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் உட்காரச் சொன்னார். கனகம் அவருடைய அம்மாவாம். எழுத்தாளர் அந்தப் பெயரைக்கூட மாற்றவில்லை.

"அப்பா அடிச்சது நெசம். ஆனா வீட்ட விட்டுப் போனது அவருதான். எழுதினவரு அப்பாவோட கூட்டாளி," என்றார். கனகம்தான் தோட்டங்களில் கூலிக்குப் போய் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். புத்தகம் வந்த பிறகு, கல்யாண வீடுகளில் பார்ப்பவர்களெல்லாம் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "'எப்பம்மா திரும்பி வந்தீங்க?'ன்னு கேப்பாங்க. சாகுற வரைக்கும் கேட்டாங்க."

எனக்குப் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாலாதான் பேசினாள். "அக்கா, அந்தக் கதையப் படிச்சிட்டுத்தான் நான் வெளிய வந்தேன். இல்லன்னா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பேனான்னு தெரியல."

அவர் மாலாவின் பக்கம் திரும்பினார். "இப்ப நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அக்கா."

"அப்ப நீ போனது சரி. ஆனா யாராச்சும் கேட்டா, எங்கம்மா போகலன்னு சொல்லு."

திரும்பும் பேருந்தில் மாலா அழுதாள். பொய்யென்று தெரிந்தும் அந்தக் கதைமேல் கோபம் வரவில்லையே என்றாள். எனக்கு வந்தது. ஆனால் அது இல்லாமல் மாலா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளா என்றும் யோசித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் டுரியான் பழப் பருவம், வார இறுதியில் பேருந்தில் நெரிசல் இருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஃபெர்ரி, சூலியா தெரு, பாசார் எல்லாம் தாராளமாகப் பாருங்கள். வீட்டுக்கு வழி கேட்காதீர்கள், நானும் சொல்லமாட்டேன். கனகம் எங்கும் போகவில்லை. அந்த வீட்டில்தான் இருந்தார்.