அமிர்தசாமி முதலில் எழுதிய பரிட்சை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் மண்டியில் கணக்கு எழுதிவந்த அமிர்தசாமி, கல்யாணமாகி ஆறு வருஷம் கழிந்த பின்னும் புதுமாப்பிள்ளை மாதிரியே மனைவி வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பை, பையில் மாற்று வேட்டி, மாமியாருக்கு நாலு ஆரஞ்சு. பள்ளிபாளையத்துத் தெருவில் பார்க்கிறவர்கள், "மாப்பளை வந்துட்டாருங்கோவ்" என்று சிரிப்பார்கள். முதல் வருஷம் அந்தச் சிரிப்பு இனித்தது. ஆறாவது வருஷம் அதே சிரிப்பு முள்ளாகக் குத்தியது.

மனைவி ரோசி அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிரந்தர உத்தியோகம். அவளுடைய தாயார் வேளாங்கண்ணியம்மாள் பக்கவாதத்தில் படுத்தவர். பேச்சுப் போய்விட்டாலும், தன் வீட்டை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிட்டார். ஆகவே ரோசி சேலம் வர வழியில்லை. அமிர்தசாமி அங்கே போகலாமென்றால், தறிக்காரர்கள் கணக்கு எழுத மச்சினனையோ மருமகனையோதான் வைத்துக்கொண்டார்கள்.

இதில் லீவு வேறு ஒத்துவரவில்லை. நூல் மண்டிக்கு விடுமுறை அமாவாசை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால்தான் இருவரும் ஒரு முழுநாள் சேர்ந்திருப்பார்கள். சந்திரனும் சர்வேசுரனும் பேசிவைத்து ஒத்துப்போகிற மாதம் வருஷத்தில் எத்தனை வந்துவிடப் போகிறது? மற்ற ஞாயிறுகளில் காலைப் பூசை முடித்து, மண்டிக்குப் போய், முதலாளி வேலுமணி மனமிரங்கி மதியம் அனுப்பினால் ரயிலேறுவார். காவேரி ஸ்டேஷனில் இறங்கி, பொழுது சாய வீடு சேர்ந்து, திங்கட்கிழமை விடியலில் திரும்பிவிடுவார். இதுதான் அவருடைய குடும்ப வாழ்க்கை.

அறுபதாம் வருஷ வாக்கில் பள்ளிபாளையத்துப் பக்கம் காவிரிக்கரையில் ஒரு காகித ஆலை எழும்பத் தொடங்கியது. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், ஆனால் அரசாங்கப் பரிட்சை ஏதாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று ரோசிதான் விசாரித்து வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, அமிர்தசாமி அப்போதே பாஸ் செய்துவிட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முப்பத்தைந்து வயதில் வகுப்புக்குப் போகவா முடியும்? தானாகப் படிப்பது என்று முடிவாயிற்று. அஸ்தம்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய சவரியார் அவருடைய பங்குக் கோயில் சிநேகிதர். பழைய புத்தகங்கள் கொடுத்தது அவர். கூடவே ஒரு குழப்பத்தையும் இலவசமாகக் கொடுத்தார்.

"ரெண்டு பரிட்சை இருக்குய்யா. ஒண்ணு புக்-கீப்பிங், கணக்கு எழுதறது. இன்னொண்ணு ஆடிட்டிங், அடுத்தவன் எழுதின கணக்கைச் சோதிக்கிறது. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் உன்னால படிக்க முடியும். எதை மொதல்ல எழுதப் போற?"

ரோசிக்கு இதில் சந்தேகமே இல்லை. "மொதல்ல எழுதப் படிக்கோணும், அப்பறந்தானுங்க திருத்தோணும். என்ற கிளாஸ்ல அப்படித்தான்" என்றாள். அமிர்தசாமியும் தலையாட்டினார். பதினைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவனுக்குக் கணக்கு எழுதுகிற பரிட்சை ஒரு பரிட்சையா என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மண்டியில் மதியச் சாப்பாட்டு நேரம், நூல் பேல் கட்டு ஒன்றின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் கணக்கைப் போட்டார். தப்பு. மறுபடி போட்டார். அதே தப்பு. விஷயம் இதுதான். மண்டியில் கடனுக்கு நூல் எடுக்கிற ஓமலூர் வீரன் பணம் கட்டினால், மண்டிப் பேரேட்டில் வீரன் பக்கத்தைத் திறந்து இடது பாதியில் வரவு என்று எழுதுவார்கள். தமிழ்க் கணக்கில் வரவு இடது, பற்று வலது. தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். வெள்ளைக்காரன் முறையிலோ, வீரன் கொடுத்த பணத்தை வீரன் பக்கத்தில் வலது பாதியில் எழுத வேண்டும். புத்திக்கு இது நொடியில் புரிந்துவிட்டது. கைக்குத்தான் புரியவில்லை. பேனாவைத் தொட்டதும் கை தானாக இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமே தெரியாத பையனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். நன்றாகத் தெரிந்ததுதான் அவருக்கு வினையாக வந்தது.

மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது. மீசை முளைக்காத பையன்களோடு உட்கார்ந்து எழுதி, அதிலும் கோட்டைவிட்டால் செவ்வாய்ப்பேட்டையில் தலைகாட்ட முடியுமா? "இவரு கணக்குல எமன் வந்தாலும் குத்தம் கண்டுபுடிக்க முடியாதுங்க" என்று வேலுமணி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெயர் என்னாவது? ஆடிட்டிங்கில் இந்த இடது வலது வம்பு இல்லை. ரசீதைப் பார்ப்பது எப்படி, சரக்கைச் சரிபார்ப்பது எப்படி என்று கட்டுரை மாதிரி எழுதினால் போதும். விண்ணப்பம் போடும் நாளில் சவரியார் முன்னால் உட்கார்ந்து, ஆடிட்டிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரோசியிடம் மூச்சு விடவில்லை. ஏதோ ஒரு பரிட்சை, பாஸானால் சரி என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். இந்த மாதிரிச் சமாதானத்துக்கு மட்டும் நமக்கெல்லாம் குரு தேவைப்படுவதில்லை.

பாஸ் செய்தார். நல்ல பாஸ். சவரியார் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். ரோசியிடம், "பாஸ் ஆயிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவள் கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிறவளை நிறுத்தி உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆலையின் கணக்கு அதிகாரி மரியாதையானவர். சான்றிதழைப் பார்த்தார், மண்டி அனுபவத்தைக் கேட்டார், தலையாட்டினார். பிறகு சொன்னார்: "ஆடிட்டிங் நல்லதுதான். ஆனா எங்களுக்கு உடனே வேண்டியது பேரேடு எழுத ஆள். புக்-கீப்பிங் முடிச்சிட்டு வாங்க. அடுத்த வருஷம் இன்னும் சில பேரை எடுப்போம். உங்களை ஞாபகம் வெச்சிக்கிறேன்."

அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று சர்க்கார் சான்றிதழ் இருக்கிறது. தப்பில்லாமல் எழுதுவான் என்பதற்கு இல்லை. அமிர்தசாமி ஆற்றங்கரையோடு நடந்து வீட்டுக்கு வந்தார். ரோசி வாசலிலேயே நின்றிருந்தாள். வரிசை மாற்றி எழுதியது, அதை மறைத்தது, அதனால் இன்னும் ஒரு வருஷம் போனது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்.

அவள் உள்ளே போனாள். சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தாள். அதற்குப் பதில் அவள் இரண்டு அறை அறைந்திருக்கலாம். கடைசியில் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பயந்துட்டீங்களாக்கும்?"

"ஆமா ரோசி. அந்தப் பசங்க மத்தியில நான் ஃபெயிலானா..."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. நா என்ன ஊரா? ஆறு வருசமா உங்களோட சேத்து உங்க பயத்தையும் ரயிலேத்தி அனுப்பிட்டு நா மட்டும் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே, "செரி. இந்தத் தடவ நானும் எழுதறேன். ரெண்டு பேருமா அந்தப் பசங்களோட உக்காரலாம். சிரிச்சா ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் கணக்கிலேயே போயின. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஆற்றுக் காற்றில் தாள் பறக்கும். ரோசி அதன் ஓரத்தை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவர் எழுதுவார், கை இடது பக்கம் போகும், அவள் உச்சுக்கொட்டுவாள். ஒருநாள் அப்படி அவர் தப்பாகப் போட்ட கணக்கை எதிரிலிருந்தபடியே தலைகீழாகப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

"இங்கிருந்து பாத்தா நீங்க போட்டது செரியாத்தானுங்க இருக்குது! நீங்க எழுதுன பக்கம் எனக்கு வலது."

அமிர்தசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"பழக்கத்த எதுக்கு மாத்தறீங்க? வரவ எடதுலயே எழுதுங்க. உங்க எடதுல வேண்டாம், என்ற எடதுல எழுதுங்க. இதா, இந்தக் கை இருக்கற பக்கம்."

அவள் உள்ளங்கை இருந்த பாதியில், அந்தக் கையை ஒட்டியே, அவர் வீரனின் பணத்தை எழுதினார். சரியான இடம். அடுத்த கணக்கும் சரி. அதற்கடுத்ததும் சரி. சமையலறைக்குப் போகலாமென்று அவள் எழுந்தால், "உக்காரு, உக்காரு, கை போயிடுச்சுன்னா வரவும் போயிடும்" என்று பதறினார். படுக்கையில் இருந்த வேளாங்கண்ணியம்மாள் இவர்களைப் பார்த்து ஒரு பக்க வாயால் சிரித்தார்.

பரிட்சை சேலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அமிர்தசாமி இரண்டாவது வரிசையில், ரோசி வெகுதூரம் பின்னால். அறை நிறையப் பையன்கள். அதில் சுப்பையன் என்பவன் எழுந்து நின்று கும்பிட்டான். பள்ளிபாளையத்தில் ரோசியிடம் அரிச்சுவடி படித்தவன், இப்போது கைத்தறி சங்கத்தில் குமாஸ்தா. "டீச்சர், நீங்களுமுங்களா?" என்றான். "ஆமா சாமி, நானுந்தான்" என்றாள் ரோசி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அமிர்தசாமிக்குத்தான் காது சிவந்தது.

பேரேட்டுக் கணக்கு வந்ததும் அவர் கை வழக்கம்போல இடது பக்கம் புறப்பட்டது. நிறுத்தினார். எதிரே இருந்தது ஒரு பையனின் முதுகு. அதைப் பார்க்காமல் தாளின் வலது ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு கை இருப்பதாக நினைத்துக்கொண்டார். சாக்பீஸ் படிந்த விரல், கல்யாண மோதிரம், வெங்காயம் நறுக்கிய தழும்பு. அந்தக் கையை ஒட்டி எழுதினார். வரவையும் பற்றையும் கூட்டி ஐந்தொகை எடுத்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பிசகாமல் நின்றன. வெளியே வந்து, "நீ எப்படி எழுதின?" என்று கேட்டார். "எழுதுனனுங்க" என்றாள் ரோசி. கடலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

முடிவு வந்த அன்று பள்ளிபாளையம் வாசகசாலையில் இருவருமாகச் செய்தித்தாளைப் பார்த்தார்கள். அவருடைய நம்பர் இருந்தது. சுப்பையனுடையதும் இருந்ததாம். அவனே ஓடிவந்து சொன்னான். ரோசியின் நம்பர் மட்டும் இல்லை. அமிர்தசாமி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகத் தேடினார்.

"தேடாதீங்க, இருக்காதுங்க" என்றாள் ரோசி. "நா பேரேட்டுக்கே போகலீங்க. உங்க முதுகு தெரிஞ்சுது. கை எந்தப் பக்கம் போவுதோன்னு நெனச்சேன். அப்பறம் செபமாலை சொல்ல ஆரம்பிச்சேன். மணி அடிச்சுட்டாங்க."

"எனக்குச் சொல்லித் தந்தவளே நீதானே ரோசி! எழுதியிருந்தா பாஸ் ஆயிருப்பியே!"

"பாஸாயி நா என்ன பண்ணப் போறேன்? எனக்கு வேண்டியது உங்க நம்பர்தானுங்களே" என்றாள்.

மறுநாளைக்குள் சுப்பையன் வாயிலாக விஷயம் ஊரெல்லாம் பரவியது. மூன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், நீங்க ஃபெயிலுங்களா?" என்று கேட்டானாம். "ஆமா சாமி, ஃபெயிலுதான். உக்காந்து வாய்ப்பாடு சொல்லு" என்றாளாம். எந்த அவமானத்துக்குப் பயந்து அமிர்தசாமி பரிட்சையின் வரிசையையே மாற்றினாரோ, அதை அவள் தன் வகுப்பிலேயே நின்று, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இதைக் கேள்விப்பட்ட அன்று அமிர்தசாமி மண்டியில் நூல் பேல் மேல் உட்கார்ந்து அழுதார். வேலுமணி, ஆலை வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "போனாப் போவுது விடுங்க, நம்ம மண்டி எங்கீங்க போவுது" என்று தேற்றினார்.

வேலை கிடைத்தது. அந்த அதிகாரி சொன்ன சொல் மறக்கவில்லை. அமிர்தசாமி பெட்டி படுக்கையோடு காவேரி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். தெருக்காரர்கள், "மாப்பளை எப்பங்க திரும்பறீங்க?" என்று கேட்டபோது, "இனி திரும்பறதில்லீங்க" என்று சத்தமாகவே சொன்னார்.

ஆலையில் அவர் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் யாரையும் உட்காரவிட மாட்டார். மேலதிகாரியே வந்தாலும் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். மண்டியிலிருந்து வந்த ஆளுக்கு மரியாதை தெரியாது என்று ஆலையில் ஒரு பேச்சு இருந்தது. அது அவர் காதுக்கும் வந்தது. நாற்காலியை ஒருமுறை பார்ப்பார், பேரேட்டைத் திறப்பார், வரவை வலது பக்கம் எழுதுவார்.